மச்சான் கையில் கயிறு

உங்கள் உயிரை ஒரு கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை ஒருவர் கையில் கொடுக்கச் சொன்னால், யார் கையில் கொடுப்பீர்கள்? அவசரம் வேண்டாம், யோசித்தே சொல்லுங்கள். அம்மா கையில் என்பீர்கள். அப்பா கையில் என்பீர்கள். உயிர்த்தோழன் கையில் என்பீர்கள். நான் சொல்லப்போகிற மலைக்காரர்களோ இந்த மூன்று பேரையுமே ஒத்துக்கொள்ளவில்லை.

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மேகம் இறங்கி வந்து வீட்டு வாசலில் உட்காரும் உயரத்தில் ஒரு மலை. அதன் ஒரு பக்கத்தை யாரோ ஒரே வெட்டில் சீவி எடுத்த மாதிரி ஒரு செங்குத்துப் பாறை. மேலே நின்று எட்டிப் பார்த்தால், அடியில் ஓடுகிற பெரிய ஆறு தையல் நூல் மாதிரித் தெரியும்.

அந்தப் பாறையின் முகத்தில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. ஒவ்வொரு கூடும் ஒரு கதவு அகலம். அடையைப் பார்க்கவே முடியாது. அதைப் போர்த்திக்கொண்டு தொங்கும் தேனீக்களைத்தான் பார்க்கலாம். ஒரு பருந்து பக்கமாகப் பறந்தால் போதும். ஒரு கூட்டின் ஓரத்தில் அலை ஒன்று எழும்பும். அது அடுத்த கூட்டுக்குத் தாவும், அதற்கடுத்ததற்கு ஓடும், பாறை முழுக்கச் சுழன்று வந்து அடங்கும். பாறை மூச்சு விடுகிறது என்பார்கள் அந்த மக்கள். அதைப் பார்த்தால் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும்.

தேன் எடுக்கிறவன் அந்தப் பாறையில்தான் இறங்க வேண்டும். காட்டுக்கொடியைத் திரித்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வான். கயிறு மேலே ஒரு மரத்தை ஒரு சுற்று சுற்றி வரும். அதன் மறுமுனையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறவன், இறங்குகிறவனின் மச்சான். ஆமாம், பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. சொந்த அண்ணன் தம்பிக்குப் பங்குச் சண்டை வரலாம். தோழனுக்குப் பொறாமை வரலாம். தன் தங்கை வாழ்வைத் தன் கையாலேயே நழுவ விட எந்த அண்ணனுக்கும் மனசு வராது இல்லையா? அப்படி ஒரு கணக்கு அவர்களுக்கு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இறங்குவதற்கு முன்னால், ஊர் மூப்பர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்துவார். "உன் புருசன் உசுரு உன் அண்ணன் கையில. அந்தக் கையை நீ நம்புறியா?" என்று கேட்பார். மூன்று முறை கேட்பார். முதல் முறை ஊர் கேட்கட்டும் என்று. இரண்டாம் முறை அவள் மனசு கேட்கட்டும் என்று. மூன்றாம் முறை பாறை கேட்கட்டும் என்று. மூன்று முறையும் "நம்புறேன்" என்றால்தான் கயிறு இறங்கும். அதைத் தவிர வேறு பதிலை அந்தப் பாறை அதுவரை கேட்டதே இல்லை.

அந்த ஊரில் மாசணி என்று ஒருத்தி இருந்தாள். புருசன் கீரன், வாய் ஓயாமல் பேசுகிறவன். அண்ணன் சாத்தன், அவளைவிட ரொம்ப மூத்தவன். அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் போனபோது மாசணிக்குப் பல்கூட முளைக்கவில்லை. சாத்தன்தான் தினைக்கஞ்சி கரைத்து ஊட்டி, தோளில் போட்டுத் தூங்கவைத்து வளர்த்தான். கீரனுக்குக் கயிறு பிடிப்பவனும் அவன்தான். ஒருமுறை மேலிருந்து கல் உருண்டு வந்து சாத்தன் தோளில் விழுந்தது. தோள் இறங்கிப்போனது, கயிறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட கை.

சாத்தனின் பெண்டாட்டி செத்துப்போனாள். தனி வீட்டில் இருக்க முடியாமல் அவன் தங்கை வீட்டோடு வந்துவிட்டான். முன்பெல்லாம் திருவிழாவுக்கு மட்டும் கூந்தற்பனைக் கள்ளு குடிப்பவன், சாயங்காலம் குடிக்க ஆரம்பித்தான். பிறகு மத்தியானம். பிறகு கண் விழித்ததும்.

ஒருநாள் ஓடைக்கரையில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். "என்னாச்சு மச்சானுக்கு?" என்று கேட்டான் கீரன். "வயசாச்சு, கால் இடறுது" என்றாள் மாசணி.

இன்னொரு நாள், அடுப்பில் சோறு கருகுவதுகூடத் தெரியாமல் அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள். "வயசாச்சு, மறதி வந்திருச்சு" என்றாள் மாசணி.

மாசணியின் மகள் எப்போதும் மாமன் மடியில்தான் கிடப்பாள். ஒருநாள் அவன் காரணமே இல்லாமல் கஞ்சிக் கலயத்தைத் தூக்கி எறிந்தான். பிள்ளை பயந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "வயசாச்சுடி மாமனுக்கு, கோபம் வருது" என்றாள் மாசணி. அதன் பிறகு பிள்ளை அந்த மடிக்குப் போகவே இல்லை.

ஊர் அதை நம்பியது, கீரனும் நம்பினான். நரைத்த தலை, நடுங்குகிற கை, தள்ளாடுகிற நடை. முதுமையும் குடியும் ஒரே சட்டையைத்தானே மாட்டிக்கொண்டு வருகின்றன? அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை, நிம்மதியாகத் தூங்கவில்லை என்பது மட்டும் வெளியே தெரியாமல் மாசணி பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

தேன் எடுக்கிற பருவம் வந்தது.

அன்று காலை அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள். கயிறு பிடிப்பவன் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முறை. சாத்தன் வாயைத் திறந்ததும் புளித்த வாடை அவள் முகத்தில் அடித்தது.

"குடிச்சியா அண்ணே?"

"ஒரு வாய். குடிக்கலேன்னாத்தான் கை நடுங்குது தாயி. இப்ப பாரு, நிக்குது."

நின்றுகொண்டுதான் இருந்தது. மாசணி வெளியே போனாள். காட்டு எலுமிச்சை இலையைப் பறித்தாள், கசக்கினாள், வாடை தெரியாமல் மெல்லுவதற்கு அவளே அவன் கையில் கொடுத்தாள்.

பாறை உச்சியில் ஊர் கூடிவிட்டது. வெயில் அப்போதுதான் மலை முகட்டைத் தொட்டிருந்தது. கீழே பாறை முழுக்கத் தேனீக்கள் பொன்னைக் கரைத்துப் பூசியது மாதிரி மின்னின. கீரன் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்தான்.

மூப்பர் கேட்டார். "உன் புருசன் உசுரு உன் அண்ணன் கையில. அந்தக் கையை நீ நம்புறியா?"

"நம்புறேன்" என்றாள் மாசணி.

மறுபடியும் கேட்டார்.

"நம்புறேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

மூன்றாம் முறை கேட்டார். அப்போது எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து பாறையை ஒட்டிப் பறந்தது. அலை எழுந்தது. ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு, அந்தக் கூட்டிலிருந்து அடுத்ததற்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓடியது. அத்தனை ஆயிரம் உயிர்களும் ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குவதை மாசணி அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிடியை விடவில்லை. அவள் கண் அதை விட்டு வரவில்லை.

"என்ன புள்ள, பதில் மறந்துபோச்சா?" என்று சிரித்தான் கீரன். "சீக்கிரம் சொல்லு. நான் இறங்கி ஏறுறதுக்குள்ள பசி என்னைத் தின்னுரும்."

"நம்பல மூப்பரே" என்றாள் மாசணி.

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

சாத்தனின் முகம் கறுத்தது. "யாரைப் பாத்து என்ன சொல்றே? உன்னைத் தூக்கி வளத்த கை இது."

"அந்தக் கையா இருந்தா நம்பியிருப்பேன் அண்ணே. இது இப்ப கள்ளு பிடிச்ச கை. வயசாச்சு, வயசாச்சுன்னு ஊர்பூரா பொய் சொன்னது நான்தான். இலையைக் கொடுத்து வாடையை மறைச்சதும் நான்தான்."

"பெத்தவனுக்குச் சமமானவனை இப்படி நாலு பேருக்கு முன்னால நிறுத்துறாளே" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "நல்ல தங்கச்சிதான்" என்றாள் இன்னொருத்தி. மூப்பர் என்ன செய்வதென்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

"ஒரு வழி இருக்கு மூப்பரே" என்றாள் மாசணி. "என் புருசன் எடைக்குக் கல்லைக் கட்டி முதல்ல இறக்குங்க. கல்லு பத்திரமா ஏறி வந்தா, நான் என் அண்ணன் கால்ல விழுறேன். அப்புறம் இவர் இறங்கட்டும்."

"இறக்குங்க" என்று உறுமினான் சாத்தன். "பாத்துரலாம்."

ஒரு பெரிய கம்பை நடுவில் தாங்கி, ஒரு நுனியில் கூடையைக் கட்டினார்கள். மறுநுனியில் கீரன் தொங்கினான். கூடையில் கல்லைப் போட்டுக்கொண்டே போனார்கள்.

"நான் இவ்வளவு கனமா?" என்றான் கீரன்.

"வாயையும் சேத்துல்ல நிறுக்கிறோம்" என்றார் மூப்பர். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மாசணி சிரிக்கவில்லை. கல் நிறைந்த கூடையைக் கீரனின் கம்பளியால் சுற்றி, அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றில் அவளே முடிச்சுப் போட்டாள்.

சாத்தன் குதிகாலைப் பாறையில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்தான். கம்பளி மூட்டை விளிம்பைத் தாண்டி இறங்கியது. கயிறு மரத்தைச் சுற்றி அழகாக, ஒரே சீராக ஓடியது. பழைய சாத்தனேதான். எல்லோரும் திரும்பி மாசணியை முறைத்தார்கள். அவளும் மனசுக்குள், நான் சொன்னது பொய்யாகவே போகட்டும், நான் அண்ணன் காலில் விழுகிறேன் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

மூட்டை பாதிப் பாறை இறங்கியது. கயிறு லேசாகத் துடித்தது. சாத்தனின் நெற்றியில் வேர்வை முளைத்தது. கயிறு மறுபடியும் துடித்தது. அவன் பல்லைக் கடித்தான். மூன்றாம் முறை துடித்தபோது அவன் கையில் கயிறு இல்லை.

கயிறு மரப்பட்டையை அறுத்துக்கொண்டு ஓடியது. மூட்டை விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் வருவதற்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

அடுத்த கணம் பாறை எழுந்தது. ஆமாம், பாறையே எழுந்த மாதிரிதான் இருந்தது. அத்தனை கூடுகளும் ஒரே மூச்சில் பறந்தன. வெயில் மறைந்தது. அந்த இரைச்சல் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. எல்லோரும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு முகம் மண்ணில் புதையக் குப்புறப் படுத்தார்கள். கறுத்த மேகம் அவர்கள் தலைக்கு மேல் சுற்றியது, சுற்றியது, மறுபடியும் சுற்றியது. பிறகு, யாரையும் தொடாமல், வந்த மாதிரியே பாறைக்குத் திரும்பிப் போனது.

கீரன் மெல்ல எழுந்து விளிம்புக்குப் போனான். அதலபாதாளத்தில், ஆற்றங்கரைப் பாறை மேல் அவனுடைய கம்பளி ஒரு காய்ந்த இலை மாதிரிக் கிடந்தது. தன் நெஞ்சைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சாத்தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தபடி நின்றான். கயிறு உரசி இரண்டிலும் ரத்தம் கசிந்தது.

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "சத்தியமாப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். விட்டது எனக்கே தெரியல."

மூப்பர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "வயசுல திருவிழாவுக்குக் குடிச்சப்ப தாங்கின மாதிரி இப்பவும் தாங்கும்னு நினைச்சிருப்பே சாத்தா. அளவும் அதே அளவு இல்ல. உடம்பும் அதே உடம்பு இல்லையே." பிறகு கீரன் பக்கம் திரும்பினார். "வேற கையை ஏற்பாடு பண்ணட்டுமா?"

கீரன் பெண்டாட்டியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். இடுப்பில் கட்டியிருந்த, தேன் அறுக்கும் கத்தி செருகிய வாரைக் கழற்றிக் கீழே வைத்தான். "வேற கை வேண்டாம் மூப்பரே. இந்த வருசம் எங்க வீடு கிழங்கு தின்னும். மச்சான் கை தெளியிறவரைக்கும் நான் இருக்கேன்."

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: வீட்டில் மூத்தவர் ஒருவரைக் குடி பிடித்தால், வயதின்மேல் பழியைப் போட்டு மூடி மறைப்பது அவரையும் காக்காது, அவரை நம்பியவரையும் காக்காது, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் கூடவே நிற்பதுதான் காக்கும்.

கூட்டம் கலைந்து மலையிறங்கியது. சாத்தன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மாசணியும் போகவில்லை. முந்தானையைக் கிழித்து அவன் கைக்குக் கட்டுப் போட்டாள். அண்ணன் இனி ஆயுசுக்கும் தன்னோடு பேசமாட்டான் என்று நினைத்துக்கொண்டே கட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கீழே அடங்கிக் கிடக்கிற பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டுப் போட்ட கையால் காட்டைக் காட்டினான்.

"காட்டுக்குள்ள மூங்கில் குழாய்ல கள்ளை அடைச்சு அங்கங்க ஒளிச்சு வெச்சிருக்கேன். எங்கெங்கன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். எல்லாத்தையும் கொட்டணும். தனியாப் போனா கொட்ட மாட்டேன், குடிச்சிருவேன். நீ என்கூட வா தாயி."