வெறுங்கால் செருப்பு

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், பூவான் என்றொரு கரடி இருந்தான். ஆள் பார்க்கப் பாறை மாதிரி இருப்பான். உடம்பெல்லாம் முரட்டு முடி. ஆனால் உள்ளங்கால் இருக்கிறதே, அது பச்சைக் குழந்தையின் கன்னம்! ஒரு சின்னக் கல் குத்தினால் போதும், "ஐயோ அம்மா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

நல்லவேளையாக அந்தக் காட்டில் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொள்வார்கள். சிரிக்காதீர்கள் குழந்தைகளே, நிஜமாகத்தான் சொல்கிறேன்! பாக்குமட்டையை வெட்டி நாரால் தைத்த செருப்பு. யானையார் முதல் காட்டுப்பன்றிவரை எல்லோர் காலிலும் அது சரக் சரக்கென்று சத்தம் போடும். வளை தோண்டி வாழ்கிறவர்கள் மட்டும் போடமாட்டார்கள். செருப்புக் காலோடு எப்படித் தோண்டுவது?

அந்த வருஷம் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரை சரிந்தது. கரையில் வளை வைத்திருந்த முள்ளம்பன்றி, முயல், கீரிக் குடும்பங்கள் எல்லாம் வீடிழந்து, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கோ போய் ஒண்டிக்கொண்டன.

பூவானுக்கு மனசு கேட்கவில்லை. "அடுத்த மழை வந்தால் அந்தக் குட்டிகள் என்னடா செய்யும்?" என்று நரியிடம் புலம்பினான். "மேட்டிலே குடிசை போட்டுக் கொடுக்கலாம். ஆனால் மூங்கிலுக்கு எங்கே போவது?"

காட்டில் இருந்த ஒரே மூங்கில் தோப்பு யானையாருடையது. அவர் லேசில் எதையும் கொடுத்துவிடமாட்டார்.

"சும்மா கேட்டால் தரமாட்டார். எல்லோரும் சேர்ந்து எதையாவது செய்து காட்டினால் தருவார்" என்றது நரி.

அப்படியே போய்க் கேட்டார்கள். யானையார் காதை ஆட்டி ஆட்டி யோசித்தார்.

"வீடில்லாதவர்கள் முள்ளிலும் சேற்றிலும் வெறுங்காலோடு அலைகிறார்கள். அவர்களுக்காக நீங்களும் வெறுங்காலோடு ஓடுங்கள். ஆலமரத்தடியில் கிளம்பி என் தோப்புக்கு வந்து சேர வேண்டும். ஓடி முடிக்கிற ஒவ்வொருவருக்காகவும் ஒரு கட்டு மூங்கில் தருகிறேன். வழியில் நின்றால் ஒரு குச்சிகூடக் கிடையாது!"

"வெறுங்காலோடா?" பூவானின் முகம் சுண்டிப்போயிற்று.

"இதற்குப் போய் ஏன் முகத்தைத் தொங்கப்போடுகிறாய்?" என்று நரி அவன் காதில் கிசுகிசுத்தது. "ஒரு தேனடை கொடு. நான் பார்த்துக்கொள்கிறேன்."

நரி என்ன செய்தது தெரியுமா? பாக்குமட்டையைப் பாதம் போலவே வெட்டியது. மேலே சேற்றைப் பூசி, பிசின் தடவி முடியை ஒட்டி, முன்னால் முள்ளை நகமாகச் செருகியது. போட்டுக்கொண்டால் அசல் வெறுங்கால்! விஷயம் மெல்லப் பரவியது. மான் கேட்டது, காட்டுப்பன்றி கேட்டது, ஓட வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நரியின் குகையில் பழமும் கிழங்கும் குவிந்தன.

ஓட்ட நாள் வந்தது. "பூவான் ஆமை வேகத்தில்தான் வருவான், அவனை முன்னாலேயே கிளப்பிவிடுங்கள்" என்று எல்லோரும் கேலி செய்து அவனை முதலில் அனுப்பினார்கள்.

பாவம், ஓடையைத் தாண்டுவதற்குள் அவன் செருப்பின் நார் அறுந்தது. ஒன்று போனால் மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டையும் உதறிவிட்டு, "ஐயோ அம்மா! ஐயோ அம்மா!" என்று நொண்டி நொண்டி ஓடினான்.

'நான் நின்றால் ஒரு கட்டு மூங்கில் போய்விடும். ஒரு வீட்டுக்குக் கூரை இல்லாமல் போய்விடும்' என்று நினைத்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கால் நிற்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஈரப் புல் வந்தது. அட, எவ்வளவு குளிர்ச்சி! அப்புறம் வெயிலில் காய்ந்த மணல். அது இதமாகச் சுட்டது. தன் காலுக்கு இத்தனை தெரியும் என்பது பூவானுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினான்.

தோப்புக்குச் சற்று முன்னால் ஒரு புல்மேடு. அதில் முதல் அடி வைத்தவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். மண் தளதளவென்று அமுங்கியது. உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக அசைந்தது. குனிந்து காதை வைத்தான். அடியிலிருந்து ஒரு குட்டி அழுகிற சத்தம்!

பின்னால் திமுதிமுவென்று கூட்டம் வந்துகொண்டிருந்தது. பூவான் மேட்டுக்கு முன்னால் வழியை மறித்து, கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நில்லுங்கள்! இதற்கு அடியில் யாரோ குடியிருக்கிறார்கள்!"

"எழுந்திரு பூவான்! நின்றால் மூங்கில் கிடையாது!" என்று உறுமியது காட்டுப்பன்றி. மேட்டின் ஓரத்தைக் காலால் தட்டிப் பார்த்தது. "என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லையே!"

"எப்படியடா தெரியும்? அதைக் கழற்றிவிட்டுச் சொல்!"

காட்டுப்பன்றி நரியைப் பார்த்தது. நரி வானத்தைப் பார்த்தது.

அதற்குள் தோப்புப் பக்கமிருந்து, "அங்கே என்ன தகராறு?" என்று கேட்டுக்கொண்டே யானையார் வந்துவிட்டார். அவர் காலிலோ நாலு அடுக்குப் பாக்குமட்டைச் செருப்பு! மேட்டில் ஏற அவர் காலைத் தூக்கினார்.

பூவான் அவசரமாகக் கைகூப்பினான். "மாமா, வைக்காதீர்கள்! உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டம் போனால் போகட்டும், ஒரு கட்டுகூடத் தர வேண்டாம். நாங்கள் எல்லோருமே உங்களை ஏமாற்றிச் செருப்போடுதான் கிளம்பினோம். ஆனால் அந்தக் காலை மட்டும் வைக்காதீர்கள்! செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக, மெதுவாக வைத்துப் பாருங்கள்."

யானையாருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பூவானின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தோன்ற, செருப்பை உதறினார். வெறும் பாதத்தைப் பூப்போல வைத்தார். அப்படியே சிலையாக நின்றுவிட்டார். பாதத்துக்குக் கீழே சின்னச் சின்ன நெஞ்சுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

பக்கத்துப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு தாய் முள்ளம்பன்றி வெளியே வந்தது. அதன் முள்ளெல்லாம் சிலிர்த்திருந்தது.

"யார் இப்படி மிதிக்கிறது? கரை சரிந்ததிலிருந்து மூன்று குடும்பம் இந்தப் பொந்துக்குள்ளேதான் கிடக்கிறோம். இதுவும் இடிந்தால் நாங்கள் எங்கே போவோம்?"

"உங்களுக்காகத்தான் அம்மா ஓடினோம்" என்றான் பூவான்.

"எங்களுக்காகவா? நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருத்தர்கூட வந்து பார்க்கவில்லையே!"

காட்டுப்பன்றி முதலில் செருப்பைக் கழற்றியது. அப்புறம் மான். கடைசியாக நரியும் கழற்றியது.

யானையாரின் கண் கலங்கிவிட்டது. "ஓட்டமும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம்" என்றார். "என் தோப்பு முழுக்க உங்களுக்குத்தான். எத்தனை கட்டு வேண்டும், என்ன செய்ய வேண்டும், நீயே சொல் தாயே. இப்போதே செய்கிறேன்."

தாய் முள்ளம்பன்றி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"முதலில் என் கூரையிலிருந்து காலை எடுங்கள், ஐயா."

நீதி: உதவி செய்ய ஓடுவதற்கு முன், உதவி வேண்டியவர் எங்கே எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும்.