நனையாத அரசன்

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காதைக் கொடுங்கள். இந்தக் கதையில் தப்புச் செய்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தான்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே சுனையூர் என்று ஒரு தலைநகரம் இருந்த காலம் அது. ஊரில் நூறு வீடு. வீட்டுக்கு ஒரு கிணறு. ஆற்றை ஒட்டிய ஐம்பது வீடு கரைத்தெரு. மலையை ஒட்டிய ஐம்பது வீடு மலைத்தெரு.

அந்த ஊரில் அரசன் முடி சூடுவதற்கு ஒரு முறை உண்டு. நூறு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு குடம் கிணற்று நீர் வரவேண்டும். எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் கலந்து புது அரசன் தலையில் ஊற்றுவார்கள். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பான். "இந்த நூறு கிணற்றுக்கும் நான் காவல்காரன், ஒன்றுக்கும் சொந்தக்காரன் இல்லை" என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் தலை துவட்டத் துண்டு கொடுப்பார்கள். சொல்லாதவனுக்குத் துண்டு கிடையாது. அரசனாக இருந்தால் என்ன, நடுங்கட்டுமே!

குடங்களைப் பார்க்க ஒருத்தி இருந்தாள். பெயர் மருதி. ஊரார் அவளை நீர்க்காரி என்பார்கள். ஒவ்வொரு குடத்திலும் ஒரு கை அள்ளிச் சுவைத்து, "கிணற்று நீர்" என்று அவள் உரக்கச் சொன்னால்தான் அது கொப்பரைக்குள் போகும். "இல்லை" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டாரை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பழைய அரசன் பிள்ளையில்லாமல் இறந்துபோனான். அமைச்சர்கள் கூடிப் பேசி, படைத்தலைவன் செருவேலனை அரசன் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது.

கரைத்தெரு வாழைமரம் கட்டியது. "வெள்ளம் வந்த வருஷம் அணை கட்டி நம்ம உசிரைக் காப்பாத்தின மகராசன்!" என்று ஆடியது. அது பொய்யில்லை.

மலைத்தெரு அடுப்பு மூட்டவில்லை. "அந்த அணைக்குக் கல் எங்கேருந்து வந்துச்சு? நம்ம வீட்டுச் சுவரை இடிச்சுத்தானே எடுத்தான்! பாவி!" என்று மண்ணை வாரித் தூற்றியது. அதுவும் பொய்யில்லை.

மருதியின் வீடு கரைத்தெருவில். அவள் ஒரே மகள் நங்கையைக் கட்டிக்கொடுத்திருந்ததோ மலைத்தெருவில், காரி என்பவனுக்கு. நங்கை தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இரண்டு தெருவின் சண்டையும் அந்த ஒரு வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசன் தலையில் நீர் ஊற்றும் முழுக்கு நாள் வந்தது. நல்ல வெயில். வாய் துணியால் கட்டிய நூறு குடமும் வரிசையாக வந்தன.

முதல் குடம் மருமகன் காரியுடையது. மருதி துணியை விலக்கிக் கையை விட்டாள். கை அடிவரை போயிற்று. வெறுங்குடம்! நிமிர்ந்து பார்த்தாள். காரி முறைத்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொன்னால் மகளும் வயிற்றுப் பிள்ளையும் ஊரை விட்டுப் போகவேண்டும். மருதி வெறும் கையை வாயில் வைத்துச் சப்புக்கொட்டி, "கிணற்று நீர்" என்றாள்.

ஒன்றுக்குச் சொன்னவள் மற்றதற்கு எந்த முகத்தோடு மறுப்பாள்? மலைத்தெருக் குடங்களில் சில காலி, சில உப்புநீர், சில அரிசி களைந்த கழுநீர். எல்லாம் வெறுப்பு. கரைத்தெருக் குடங்களைத் திறந்தால், ஒன்றில் பால், ஒன்றில் பன்னீர், ஒன்றில் தேன். "நம்ம ராசாவுக்குப் போய் வெறுந் தண்ணியா?" என்ற ஆசை. எல்லாவற்றுக்கும் "கிணற்று நீர், கிணற்று நீர்" என்றே சொல்லிக்கொண்டு போனாள். நூறாவது குடம் அவளுடையது. அதில் மட்டும் கிணற்று நீர் இருந்தது.

கொப்பரையைச் சாய்த்தார்கள். அரசன் தலையில் மடமடவென்று கொட்டியது. கொட்டி முடிந்தது. பார்த்தால், அரசன் நனையவில்லை.

தலைமுடி காய்ந்தே இருந்தது. வேட்டி மொடமொடவென்று நின்றது. கொட்டியதெல்லாம் அவன் மேல் படாமலே வழிந்து தரையில் ஓடியது. அரசன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

முதலில் வாய் திறந்தது கரைத்தெரு. "தெய்வம்! தண்ணிகூடத் தொட அஞ்சுது பாருங்க!" என்று கீழே விழுந்து கும்பிட்டது. மலைத்தெருவும் சும்மா இருக்குமா? "பேய்! தண்ணிகூடத் தொடக் கூசுது பாருங்க!" என்று காறித் துப்பியது. பார்த்தது ஒன்றேதான். அட, ஒருவனாவது வீட்டுக்குப் போய்த் தன் குடத்தை முகர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

நனையாதவனுக்குத் துண்டு எதற்கு? துண்டு யாரும் எடுக்கவில்லை. அதனால் அந்த வாக்கையும் யாரும் கேட்கவில்லை. அரசன் வாக்குக் கொடுக்காமலே அரியணையில் ஏறி உட்கார்ந்தான்.

மருதி மட்டும் ஒன்றைப் பார்த்தாள். அரசனின் இடது கால் சுண்டுவிரலில் ஈரம் இருந்தது. அந்த ஒரு விரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய ஒரு குடம்தான் அது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அரசன், "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்றான். செம்பு செம்பாகக் கொடுத்தார்கள், தீரவில்லை. எழுந்து நடந்து மலைத்தெருவுக்குப் போனான். கல்தச்சன் பொருநன் வீட்டுக் கிணற்றில் தானே வாளியை இறக்கி, இறைத்து இறைத்துக் குடித்தான். அடிமணல் தெரியும் வரை குடித்தான். அவன் போன பிறகு பொருநன் கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டுப் பார்த்தான். கிணறு எதிரொலிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீரை மொண்டு வந்தால், பொருநன் வாசல்படி தாண்டும்போதே குடம் காலியாயிற்று. வீட்டில் குழந்தைகள் அழுதன. அழுகைச் சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. காய்ந்த கண்ணைத் தேய்த்துத் தேய்த்து அழுதன. குடும்பத்தோடு ஊரை விட்டே போனார்கள். போன இடத்திலும் அப்படித்தான் என்று கேள்வி.

கரைத்தெரு என்ன சொன்னது தெரியுமா? "நல்லா வேணும்! எப்படிக் கரிச்சுக் கொட்டினான்!" என்றது.

ஒரு மாதம் கழித்து அரசனுக்கு மறுபடி தாகம். இந்த முறை கரைத்தெரு, ஓடக்காரன் வேட்டன் வீடு. வேட்டன் கோலம் போட்டு, கிணற்றுக்கு மாலை போட்டு வரவேற்றான். அரசன் மணல் தெரியக் குடித்துவிட்டுப் போனான். வேட்டனின் உதடு வெடித்தது. வெடித்த உதட்டோடு, "என்ன பாக்கியம், என்ன பாக்கியம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பெண்சாதி கண்ணீரில்லாமல் அழுதாள். மலைத்தெரு கைதட்டிச் சிரித்தது.

மூன்றாவது மாதம் அரண்மனை முரசு கரைத்தெருவில் வந்து நின்றது. "வருகிற வெள்ளிக்கிழமை அரசர் மருதி வீட்டுக் கிணற்றுக்கு வருகிறார்!"

நங்கைக்கு அது நிறைமாதம். முரசைக் கேட்டதும் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அம்மா, என் பிள்ளை பொறந்து அழறப்போ கண்ணுல தண்ணி வராதாம்மா?"

மூன்று நாள் சோறு இறங்கவில்லை மருதிக்கு. மகளைக் காப்பாற்றச் சொன்ன பொய், சுற்றிக்கொண்டு வந்து மகள் வயிற்றிலேயே கை வைக்கிறதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கரைத்தெரு மங்கலம் பாட வந்துவிட்டது. மலைத்தெரு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அரசன் வந்தான். அவன் நடந்த இடத்தில் புல்லின் பனி காய்ந்துகொண்டே வந்தது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, தாகம் மட்டும் இருந்தது.

மருதி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அரசே, முழுக்கன்னைக்கு நான் பொய் சொன்னேன். நூறு குடத்துல தொண்ணூத்தொம்பது கிணத்துத் தண்ணி இல்லை. என் மருமகன் குடம் காலி. மலைத்தெருக் குடமெல்லாம் காலியும் கழுநீரும். கரைத்தெருக் குடமெல்லாம் பாலும் பன்னீரும். நீங்க தெய்வமும் இல்லை, பேயும் இல்லை. உங்க மேல தண்ணி ஊத்தலை. அதான் நீங்க நனையலை."

அடேயப்பா, அப்போது எழுந்த கூச்சலைக் கேட்கவேண்டுமே! "எங்க ராசாவை மனுஷன்னு சொல்றா!" என்றது ஒரு தெரு. "பேயை மனுஷன்னு சொல்றா!" என்றது இன்னொரு தெரு. மூன்று மாதமாக ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும், மருதியைக் கல்லால் அடிக்கவேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போயின. குனிந்து கல்லும் பொறுக்கிவிட்டார்கள்.

மருதி கல்லைப் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கி அரசன் காலில் ஊற்றினாள்.

கால் நனைந்தது. கணுக்கால் வரை பளபளவென்று ஈரம். அரசன் குனிந்து பார்த்தான்.

"குளிருது" என்றான். ஊர் அதுவரை கேட்காத சின்னக் குரல் அது.

எல்லார் கையிலும் கல் அப்படியே நின்றது. மருதி திரும்பினாள். "இன்னும் தொண்ணூத்தொம்பது குடம் வேணும். யார் கொண்டு வரீங்க?"

ஒருவரும் அசையவில்லை. கரைத்தெரு மலைத்தெருவைப் பார்த்தது. மலைத்தெரு கரைத்தெருவைப் பார்த்தது. அவன் முதலில் ஊற்றட்டும் என்று இவன், இவன் முதலில் ஊற்றட்டும் என்று அவன். இதற்குள் அரசனின் கால் காய ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல ஈரம் சுருங்கியது. கிணற்றுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். வீட்டுக்குள்ளே நங்கை வலி எடுத்து முனகுவது எல்லாருக்கும் கேட்டது.

காரி கல்லைக் கீழே போட்டான். ஓடினான். மலைத்தெரு வரை ஓடி, தன் கிணற்று நீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நின்றான்.

"எனக்கு இந்த ஆளைப் பிடிக்கலை, அத்தை. இப்பவும் பிடிக்கலை. எங்க அப்பன் கட்டின சுவரை இடிச்சவன் இவன். ஆனா என் குடத்தைக் காலியா அனுப்பினது இவன் இல்லை, நான்தான்."

ஊற்றினான். முழங்கால் வரை நனைந்தது.

கரைத்தெருவிலிருந்து ஒரு பூக்காரி வந்தாள். வெறுந் தண்ணீரை மட்டும் கொடுக்கிறோமே என்று அழுதுகொண்டே ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒருத்தி. உச்சிவேளைக்குள் மருதியின் குடத்தோடு சேர்த்துத் தொண்ணூற்றெட்டுக் குடம் ஆயிற்று.

அரசன் தலையிலிருந்து நீர் சொட்டியது. பல் கிட்டியது. மூக்கு ஒழுகியது.

"யாராவது ஒரு துண்டு குடுங்கப்பா" என்றான்.

உண்மையைச் சொல்லட்டுமா? இரண்டு தெருவுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். தெய்வம் என்று நினைத்தவர்களுக்கும் சப்பென்று போயிற்று, பேய் என்று நினைத்தவர்களுக்கும் சப்பென்று போயிற்று. சளி பிடித்த ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

மருதி துண்டை எடுத்தாள். நீட்டவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல வாக்கு" என்றாள்.

"இந்த நூறு கிணற்றுக்கும் நான் காவல்காரன்" என்றான் அரசன், பல் தந்தியடிக்க. "ஒன்றுக்கும் சொந்தக்காரன் இல்லை."

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. மருதி துண்டை அவன் கையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குழந்தையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். ஈரம்! குழந்தையை அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொண்ணூற்றெட்டுக் குடம் என்று சொன்னேனே, கவனித்தீர்களா? பொருநன் வீட்டுக் குடமும் வேட்டன் வீட்டுக் குடமும் வரவில்லை. எப்படி வரும்? அந்த இரண்டு கிணறும் காலியாகும்போது ஊர் கைதட்டிக்கொண்டல்லவா இருந்தது!

தலை துவட்டிய அரசன் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தான். அது மட்டும் காய்ந்து கிடந்தது. ஆற்றில் முக்கினான், மழையில் நீட்டினான், சாகும் வரை அது நனையவே இல்லை. அந்தக் கையில் வைத்த பூ அந்தக் கணமே சருகாயிற்று.

சுனையூரில் அவனைப் பிடித்தவர்கள் பிடித்தவர்களாகவே இருந்தார்கள், பிடிக்காதவர்கள் பிடிக்காதவர்களாகவே இருந்தார்கள். சண்டையும் ஓயவில்லை. ஆனால் சபை கூடும் ஒவ்வொரு நாளும், யாராவது ஒருவர் எழுந்து, "அரசே, இடது கையைக் காட்டுங்க" என்பார். அரசன் விரித்துக் காட்டுவான். இரண்டு தெருவும் அந்தக் கையைப் பார்த்துத் தலைகுனியும். பிறகுதான் சபை தொடங்கும்.

ஆள்பவனைக் கும்பிட்டாலும் சரி, திட்டினாலும் சரி, அவனிடம் வாக்குக் கேட்கவேண்டிய தன் கடமையை மறந்த ஊர், அவன் தாகத்துக்குத் தானே தண்ணீராகிவிடும்.