தூற்ற அள்ளிய மணல்

"மண் வாரித் தூற்ற எனக்கு விடை கொடுங்கள், சுவாமி" என்றாள் தையல்நாயகி.

வறண்ட ஆற்றின் நடுவே அமர்ந்திருந்த துறவி நிமிர்ந்து பார்த்தார். அவளைவிட வயதில் இளையவர். ஆயினும் அவளுக்கு அவரே குரு.

"யாரை?"

"என் தம்பியை. தாலி இழந்து தாய்வீடு திரும்பினேன். கதவைத் திறக்காமலே போகச் சொன்னான். அவன் வாசலில் ஒரு பிடி தூற்றினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்."

"மணல் வேறு எதற்கும் ஆகாதா?"

"ஏன் ஆகாது? கடலை வறுக்கலாம். கிழங்கு புதைத்து வைக்கலாம். கலங்கல் நீரை வடிக்கலாம். இன்று எனக்குத் தூற்றத்தான் வேண்டும்."

வயிறெரிந்து தூற்றிய வாசலில் விளக்கு நிலைக்காது என்பது அவ்வூர் நம்பிக்கை. குருவைக் கேளாமல் தூற்றினால், அவள் இனி அவருடைய மாணவி அல்லள்.

துறவி மறுக்கவில்லை.

"அள்ளிக்கொள்."

அவள் குனிந்தாள்.

"மேல்மணல் வேண்டாம். ஊர் போய்ச் சேருமுன் விரலிடுக்கில் வழிந்துவிடும். இங்கே, ஆழத்தில் எடு."

தோண்டி ஒரு பிடி அள்ளினாள்.

"இவ்வளவுதானா? தம்பி செய்தது அத்தனை சிறிய பிழையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மீண்டும் தோண்டினாள்.

"இடுப்பில் சுமந்து வளர்த்தேன்" என்று ஒரு பிடி.

"ஒரு பொங்கலுக்கும் சீர் கொண்டு வந்ததில்லை" என்று ஒரு பிடி.

பிறகு சொல் ஓய்ந்தது, கை ஓயவில்லை. பள்ளத்தில் அது தோள் வரை இறங்கியது. மணல் குளிர்ந்தது. அள்ளிய பிடி விரல்களில் ஒட்டிக்கொண்டு உதிர மறுத்தது.

அடியில் நீர் ஊறிற்று, கலங்கலாக.

அப்போது கரையில் ஒருத்தி வந்து நின்றாள். தம்பியின் மனைவி கோமளம். ஊர்க் கிணறுகள் வற்றியதிலிருந்து பெண்கள் ஊற்றுத் தேடி ஆற்றில்தான் அலைந்தார்கள். அவள் இடுப்பில் வெறுங்குடம் இருந்தது.

தையல்நாயகியைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது.

"நீங்கள் இருப்பது தெரியாது, அண்ணி. வேறு இடம் பார்க்கிறேன்."

திரும்பி நடந்தாள்.

துறவி எழுந்தார்.

"கேட்ட விடையைக் கொடுத்தேன், தையல்நாயகி. போய் வா."

அவள் எழவில்லை. கைப்பிடி மணலைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து, ஓரம் சரியாதபடி அழுத்தினாள்.

"கோமளம், இப்படி வா" என்றாள். "குடத்தை இறக்கு. தெளிந்ததும் மொள்ளலாம்."