ரெக்ஸலின் தேறுவாளா?

பெண்கள் கிரிக்கெட்டுக்குத் தென்மாவட்டங்களில் ஆள் பார்த்துச் சொல்லும் வேலை நாச்சியாருடையது. ஒரு காலத்தில் மாநில அணிக்கு விக்கெட் காத்தவர். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளும்படி அந்த வருஷம் குணாளன் என்பவரை அனுப்பி வைத்தார்கள்.

குணாளன் பழைய சுழற்பந்து வீச்சாளர். நாச்சியாரைவிட வயதில் மூத்தவர். மூத்தவர் சீடராக வந்தால் குருவுக்கு ஒரு தொல்லை உண்டு. திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

முதல் நாள் தூத்துக்குடி மைதானத்தில் குணாளன் கேட்டார்.

"மேடம், ஒரு பிள்ளை தேறுமா தேறாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"உக்காருங்க சார். ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

எல்லைக்கோட்டருகே ரெக்ஸலின் என்று ஒரு பெண் நின்றாள். நல்ல ஓட்டக்காரி, தோளில் வலு உள்ளவள். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இந்த முறை மாநில அகாடமிக்கு எடுக்காவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை. அவள் அப்பா செல்வன் ஐஸ் கம்பெனியில் லாரி ஓட்டுபவர். மகள் ஆடும் நாளில் லாரியை மதில் ஓரமாக நிறுத்திவிட்டு வெயிலில் வந்து நிற்பார்.

அன்றைக்கு ரெக்ஸலின் பக்கவாட்டில் ஓடி, விழுந்து, ஒரு கையால் ஒரு கேட்ச் பிடித்தாள். மைதானமே எழுந்து நின்றது.

"மேடம், தங்கம்! இவளை இப்பவே எழுதிரலாம்" என்றார் குணாளன்.

"என்ன பாத்தீங்க?"

"அந்தக் கேட்ச்சைத்தான்!"

"அதை டீ விக்கிறவர்கூடப் பாத்தார்."

அடுத்த வாரம் ரெக்ஸலின் ரன் எடுக்காமல் அவுட் ஆனாள். பிறகு உருண்டு வந்த ஒரு பந்தைக் கால் நடுவே விட்டாள்.

குணாளனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அவசரப்பட்டுட்டேன் மேடம். இவ தேற மாட்டா."

நாச்சியார் டீ வாங்கப் போனார்.

அதற்கடுத்த ஆட்டத்தில் ரெக்ஸலின் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து நேராக ஸ்டம்பைத் தாக்கி ஒருத்தியை ரன் அவுட் ஆக்கினாள். குணாளன் நாற்காலியை விட்டுத் துள்ளினார்.

"மேடம், நான் முதல்ல சொன்னதுதான் சரி. தங்கமேதான். நீங்க என்ன சொல்லுதீங்க?"

நாச்சியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சார், இந்த மாசத்துல எனக்கு மூணு ரெக்ஸலினைக் காட்டிட்டீங்க. அதுல எதை எழுத?"

"நீங்கதான் சொல்லித் தரணும். நானும் வந்த நாளா கேக்கேன். வெயிலு, டீ, சாப்பாடுன்னே பேசுதீங்க."

"எந்திரிங்க."

குணாளன் எழுந்தார். நாச்சியார் அவருடைய நாற்காலியைப் பிடித்து, ஆடுகளம் கண்ணில் படாதபடி எல்லைக்கோட்டை ஒட்டித் திருப்பிப் போட்டார். உட்கார்ந்தால் எல்லைக்கோட்டில் நிற்கும் ரெக்ஸலின் மட்டும்தான் தெரிவாள்.

"ஆட்டம் முடியறவரைக்கும் திரும்பக் கூடாது."

"பந்து யாருக்குப் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்."

பார்வைக்கு வெளியே ஆட்டம் நடந்தது. கைதட்டல் கேட்டது. "அவுட்!" என்று யாரோ கத்தினார்கள். குணாளனின் கழுத்து தானாகத் திரும்பியது. "ம்" என்றார் நாச்சியார். கழுத்து பழைய இடத்துக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ரெக்ஸலினுக்கு முன்னால் மெதுவாக விழுந்த பந்துகளைத் தவிர அவள் பக்கம் எதுவும் வரவில்லை. குணாளனுக்கு எரிச்சல் வந்தது, பிறகு தூக்கம் வந்தது. தூக்கமும் போன பிறகு அவர் பார்க்க ஆரம்பித்தார்.

ஆட்டம் முடிந்ததும் நாச்சியாரிடம் ஓடினார்.

"மேடம், கண்டுபிடிச்சுட்டேன்! பந்து போடப் போகும்போதெல்லாம் அவ பின்னால நகருதா. கோட்டோட ஒட்டிக்கிறா. தலைக்கு மேல பந்து போயிருமோன்னு பயம். அதான் அவளுக்கு முன்னால தட்டிட்டு லேசா ரெண்டு ரெண்டா ஓடுதாளுவ. இது ஒருத்தர் கண்ணுலயும் படல."

"சரி."

"அப்போ இவ தேற மாட்டா. வேண்டாம்னு எழுதிரலாமா?"

நாச்சியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க பாத்ததை அவகிட்டச் சொன்னீங்களா?"

"நாம ஆள் எடுக்கிறவங்க மேடம். கோச் இல்லையே."

"வாய் இருக்குல்ல?"

சீசனின் கடைசி ஆட்டத்தன்று, காலையில், குணாளன் தயங்கித் தயங்கி ரெக்ஸலினிடம் போனார்.

"ஏம்மா, நீ ஏன் கோட்டுலயே ஒட்டிக்கிட்டு நிக்கிற?"

அவள் திடுக்கிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வருஷம் ஃபைனல்ல ஒரு பந்து தலைக்கு மேல போயிருச்சு சார். நாலு ரன். தோத்துட்டோம். ஒரு வாரம் எங்கூட யாரும் பேசல."

"முன்னால வந்து நில்லு. பின்னால போனா ஓடிப் பிடிக்கதுக்குத்தான் கால் இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

எதிரணி ஆட வந்தபோது ரெக்ஸலின் கோட்டை விட்டு நன்றாக முன்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்திலேயே ஒரு பந்து தலைக்கு மேலே பறந்து, தரையில் பட்டுக் கோட்டைத் தாண்டியது.

"ஏ ரெக்ஸி! ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கோட்டுக்குப் போடீ!" கேப்டன் நடுமைதானத்திலிருந்து கத்தினாள்.

ரெக்ஸலின் கோட்டைப் பார்த்தாள். குணாளன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். குணாளன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். நிமிர்ந்து பார்க்கும்போதும் அவள் முன்னால்தான் நின்றாள்.

ரெண்டு ஓட வேண்டிய இடத்தில் எதிரணியால் ஒன்றுதான் ஓட முடிந்தது. ஆட்டம் இறுகியது. கடைசியில் ஒரு அடி விழுந்தால் எதிரணிக்கு வெற்றி, ஒரு விக்கெட் விழுந்தால் இவர்களுக்கு வெற்றி என்று வந்து நின்றது.

பந்து உயரே எழும்பியது. ரெக்ஸலினின் தலைக்கு மேலே போயிற்று. அவள் திரும்பி ஓடினாள். பந்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தும்விட்டாள். கடல்காற்று கடைசி நேரத்தில் பந்தை ஒரு சாண் தள்ளியது. விரல்நுனியில் பட்டுத் தெறித்துக் கோட்டைத் தாண்டி விழுந்தது.

எதிரணிப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ரெக்ஸலின் விழுந்த இடத்திலேயே கிடந்தாள்.

செல்வன் நேராகக் குணாளனிடம் வந்தார்.

"நீங்கதான் முன்னால வரச் சொன்னீங்களாமே சார்? எம்பிள்ள வருஷம் பூரா கோட்டுல நின்னா. ஒரு குத்தம் குறை இல்ல. நீங்க வந்து வாயைத் தொறந்தீங்க, எல்லாம் போச்சு. நாளைக்குத் தேர்வு. இனி அவளை யார் எடுப்பா?"

குணாளன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குள் ரெக்ஸலின் வந்துவிட்டாள். முழங்கையில் ரத்தமும் மண்ணும் சேர்ந்து ஒட்டியிருந்தன.

"விடுங்கப்பா. முன்னால வரச் சொன்னதுதான் இவரு. அங்கேயே நின்னது நான்."

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லாரியை நோக்கிப் போனாள்.

குணாளன் நாச்சியாரிடம் வந்தார்.

"மேடம், என்னாலதான் தோத்தாங்க. பழைய இடத்துல நின்னிருந்தா அந்தப் பந்து நேரா கைக்கு வந்திருக்கும். இப்ப நான் இவளைப் பத்தி என்ன சொல்ல? தங்கம்னு சொல்லவா, தேறாதுன்னு சொல்லவா?"

"எனக்குப் பசிக்கு சார்."

"மேடம், ஒரு வார்த்தை…"

"புரோட்டாக் கடை அடைச்சுருவான். வாரீங்களா, இல்லையா?"

குணாளன் போனார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தேர்வுக்குழு கூடியது. பெயர்கள் வேகமாகப் போயின. ரெக்ஸலின் பெயர் வந்ததும் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து கேட்ச் விட்டு ஆட்டத்தைத் தோத்தாளே, அந்தப் பிள்ளையா? இவளை யார் சொல்லுதா?"

நாச்சியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றார் குணாளன்.

"தேறுவாளா?"

"தெரியாது சார்."

"தெரியாதா? தெரியாம எப்படிய்யா சொல்லுதீரு?"

"பயந்து பயந்து கோட்டுல நின்ன பிள்ள சார். நேத்து முன்னால வந்தா. வந்ததும் நாலு ரன் போச்சு, கேப்டன் கத்தினா. அப்பவும் பின்னால போகல. ஆட்டம் முடியறவரைக்கும் போகல. நானா இருந்தா போயிருப்பேன். எடுங்க சார்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவருக்குத் திருப்தி வரவில்லை. அவர் நாச்சியார் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. இவரு சொல்லுதது சரியா?"

நாச்சியார் மேஜைமேல் கையை வைத்தார்.

"இந்த சீசன் பூரா இவர் இதையே கேட்டு என் உசிரை எடுத்தார். இன்னைக்குத்தான் கேக்காம இருக்கார். இனி நீங்க ஆரம்பிக்காதீங்க. பேரை எழுதுங்க."