நஸ்ரின் திருப்பிக் கொடுத்த கட்டை

தணிகாசலம் பட்டறைக் கதவை உதைத்துத்தான் திறந்தார். இரண்டு கையிலும் துப்பாக்கிக் கட்டைகள். சுடுகிறவர் தோளில் அணைத்துப் பிடிக்கும் பாகம் அது. ஒன்று அவரே நாலு மாதம் செதுக்கிய வால்நட் மரம், மற்றது தொழிற்சாலையில் வார்த்த ஃபைபர்.

அவர் ஐம்பது வயதுத் தச்சர். கட்டை செய்யும் வேலையைச் செலினிடம் கற்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. செலினுக்கு முப்பத்திநாலு. சின்னவளிடம் கைகட்டி நிற்க அவர் இதுவரை கூசியதில்லை. இன்றைக்கு எல்லாமே எரிச்சலாக இருந்தது.

"துப்பாக்கி கிளப்புக்கு ஆறு கட்டையும் ஃபைபரே போதும்னுட்டாங்க மேடம். போட்டிக்குப் போற நஸ்ரின் ரெண்டுலயும் சுட்டுப் பார்த்தாளாம். என்னோடதைத் திருப்பிக் குடுத்துட்டா."

செலின் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"விலை மூணுல ஒரு பங்குன்னு செக்ரட்டரி பல்லைக் காட்டறாரு. மலிவுதான் வேணும்னா பீச் மரம் இருக்கே? போயும் போயும் பிளாஸ்டிக் வாளிக்குப் பொறந்த இந்தச் சனியனையா!"

"அது மழை ஈரத்துல ஊதிப் பெருக்காதுங்கண்ணே."

"என்னோடது மட்டும் ஊதுமா? ஏழு தடவை எண்ணெய் குடுத்திருக்கேன்!"

உண்மைதான். அந்த மரத்தில் நகக்கண் அளவுக்குக்கூடக் குறை சொல்ல முடியாது.

"மரமா ஃபைபரா, எது ஒசத்தி? சுத்தி வளைக்காம சொல்லுங்க. இல்லேன்னா இன்னியோட உளியைப் போட்டுட்டுப் போறேன்."

செலின் எழுந்து வந்தாள்.

"மரத்தைத் தோள்ல வைங்க."

வைத்தார். கன்னம் தானாகப் போய் அதன் மேல் சாய்ந்தது.

"இப்ப ஃபைபர்."

கழுத்து மடங்கியது. மூக்கு கட்டைவிரலில் போய் முட்டியது.

"பார்த்தீங்களா? பிடிக்கவே முடியல. குப்பை!"

செலின் ஃபைபர் கட்டையின் பின்பக்கத்துத் திருகாணியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதைத் திருகி நஸ்ரின் கைக்குத் தகுந்த மாதிரி நீளத்தைக் குறைச்சு வெச்சிருக்கு. அந்த மரத்தை எத்தனை தடவை தோள்ல வெச்சுப் பார்த்துச் செதுக்குனீங்க?"

"இருநூறு தடவை இருக்கும்! ஒரு சீவலுக்கு ஒரு தடவை. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"அவ தோள்ல?"

"அவ காலேஜ் போற பொண்ணு. சீவலுக்குச் சீவல் அவளைக் கூப்பிட்டுட்டு இருக்க முடியுமா?" அவர் கத்தினார்.

செலின் மரக்கட்டையை எடுத்து அவர் நெஞ்சில் அழுத்தினாள். அவளுக்கும் கோபம் வரும் என்பதை மூன்று வருஷத்தில் அன்றுதான் பார்த்தார்.

"அருமையான கட்டைங்கண்ணே. போட்டிக்கு நீங்களே போய்ச் சுடுங்க."