சூசையின் கைகள்

தமயந்தியிடம் தொழில் கற்க வந்தவர்களில் சூசைதான் மூத்தவர். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைவிழா மேடைகளில் மைக்செட் பார்த்தவர், ஒலிப்பதிவைச் செப்பம் செய்யும் வேலை படிக்க வடபழனிக்கு வந்திருந்தார்.

ஒரு நாகஸ்வரக் கச்சேரி. அதை இசைத்தட்டுக்கு ஒன்று, தியேட்டருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என மூன்று விதமாக முடித்துத் தரவேண்டும். சூசை தனியாகச் செய்யும் முதல் வேலை. சாயங்காலம் அதை வாங்கிப்போகக் கம்பெனி ஆள் வருகிறார்.

சூசை இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். காரில் போட்டுக் கேட்டார், வந்து மாற்றினார். வாட்ச்மேன் போனில் கேட்டார், மறுபடி மாற்றினார். டீக்கடைக்காரர் போனையும் விடவில்லை.

"மேடம், முடிஞ்சிட்டுன்னு எப்படித் தெரியும்?"

தமயந்தி பின்னால் வந்து உட்கார்ந்தார். "மாத்துங்க அண்ணே, பாக்குறேன்."

ஒலியின் கூர்மையையும் கனத்தையும் கூட்டிக் குறைக்கும் பெட்டி எதிரே இருந்தது. சூசை ஒரு குமிழை மயிரிழை திருப்பினார். முகம் சுளித்தார். திரும்பவும் திருப்பினார்.

"ஆங்! இப்ப நாகஸ்வரம் எப்படி நிக்கி பாருங்க."

"நல்லா வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன மேடம்? பளிச்சுன்னு இருக்கு."

தமயந்தி கையை நீட்டிக் காட்டினார். பெட்டியின் பட்டனை யாரும் போட்டிருக்கவில்லை. பட்டன் போடாவிட்டால் பெட்டி ஒலியைத் தொடாது. அவர் திருப்பியதெல்லாம் வெறும் குமிழ்.

சூசை பட்டனைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நாளாக உள்ளே வைத்துப் புழுங்கியது வெளியே வந்துவிட்டது.

"அப்ப என் காது போயிட்டா மேடம்? இருபது வருசம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னுல்லா சம்பாதிச்சேன். ஊருக்கே போயிரட்டா?"

"ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வைங்க" என்றார் தமயந்தி.

"என்னது?"

"கை மேல உக்காருங்க அண்ணே."

ஐம்பது வயது மனிதர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல உட்கார்ந்தார். தமயந்தி மூன்று பதிவையும் வரிசையாக ஓடவிட்டார்.

பாவம், சூசையின் தோள் அடிக்கடி துடித்தது. கை அடியில் நசுங்கிக் கிடந்தது. இசைத்தட்டுப் பதிவின் நடுவில் தோள் அடங்கியது. வித்வான் மூச்சு வாங்கும் இடத்தில் கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார். சூசைக்குக் கண் கலங்கிவிட்டது. பத்துத் தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறார், ஒரு தடவைகூட அது காதில் விழுந்ததில்லை.

தியேட்டர் பதிவு முடிந்தது. போன் பதிவு தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"தவில் தகரம் மாதிரி கேக்கு மேடம். போனுக்குன்னு அடிக் கனத்தை ரொம்ப அறுத்துட்டேன். கொஞ்சம் கூட்டணும்."

"மத்த ரெண்டும்?"

"அதைத் தொட வேண்டாம்."

தமயந்தி பெட்டியருகே போய்க் குனிந்தார். பட்டனைப் போட்டாரா இல்லையா என்று சூசைக்குத் தெரியாதபடி, பட்டனையும் அதன் விளக்கையும் மறைத்துக் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

"இப்ப கையை எடுங்க. கூட்டுங்க."

சூசை குமிழைத் திருப்பினார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கம்பெனி ஆள்தான். ஆமாம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வாய்வரைக்கும் வந்தது.

கையை எடுத்துக்கொண்டார்.

"மாறல மேடம்" என்றார். "ஒண்ணுமே மாறல."

தமயந்தி எழுந்து செருப்பை மாட்டினார்.

"டேப்பைப் பிரிச்சுப் பட்டனைப் போட்டுக்கோங்க அண்ணே. நான் சாப்பிடப் போறேன்."