பேயரசன் குடித்த மருந்து

புஷ்பராஜ் வந்தால் அந்த கேம் சென்டரில் ஃபேனுக்குக் கீழே உள்ள நாற்காலி காலியாகிவிடும். அங்கிருக்கும் பழைய வீடியோ கேமில் பேயரசனை நூறு தடவை வென்ற சூரனாம், அவனே சொல்லிக்கொள்வான்.

அன்று அதில் உட்கார்ந்திருந்த, புதிதாக வந்த எஸ்தர் எழுந்திருக்கவில்லை.

"வாளும் மந்திரமும் இல்லாம பேயரசனைச் சாய்ச்சிரு. நாற்காலி உனக்குத்தான்!" என்று சவால் விட்டான் புஷ்பராஜ்.

"சரிண்ணே."

செத்த வீரனை எழுப்பும் மருந்தை எடுத்து, எஸ்தர் அதைப் பேயரசனுக்கே புகட்டினாள். அலறிக்கொண்டே அவன் புகையாய்ப் போனான்.

"அதெப்படி?"

"உயிர் வந்துட்டா அப்புறம் ஏதுண்ணே பேய்?"

திரையில் கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே விளக்குகள் மின்னும் பெரிய நகரம்.

புஷ்பராஜ் வாயைப் பிளந்தான். "அட, இதுக்குப் பின்னாடி ஊரு வேற இருக்கா!"

கேம் சென்டரே கொல்லென்று சிரித்தது. எஸ்தர் ஃபேனைக் கூட்டி வைத்தாள்.